வெள்ளிக்கிழமை ரோதனை

மாப்ள,

என் செல்போனின் மணியோசையை மாற்றுவது என்று இன்று காலை ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். வீட்டில் அப்போது வேறு யாரும் இல்லாததால் எதிர்ப்பு எழவில்லை. இதுவரை அந்தக் கருவி புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தது. தங்கை மகள் வைத்துக் கொடுத்துவிட்டுப் போன ஏற்பாடு. மளிகைக் கடையில் வாசித்தது, மாவட்ட நூலக அலுவலகக் கூட்டத்தில் வாசித்தது, போன வாரம் பண்ணைப்புரத்தில் ஒரு சாவு வீட்டில் பிணத்துக்கு மிக அருகில் நின்று வாசித்தது. இனியும் பொறுப்பதற்கில்லை என்ற நிலையில், கருவிக்குள் அடைத்து வைத்திருந்த ஓசைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பரிசீலித்தேன். தவளை இருந்தது. குழந்தையின் சிரிப்பு இருந்தது. கம்பத்துக்கு இன்றுவரை வராத ரயில் கருவிக்குள் வந்து நின்றது. கடைசியாக, ‘பழைய தொலைபேசி’ என்று ஒன்று. அதை அழுத்தினேன்.

உன் கடைப் போனின் மணி. அதே இழுவை, அதே இடைவெளி. போன் மேசை மேல் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்து நிறுத்த வேண்டியதுதான். ஆனால் கை எழவில்லை. மடியிலேயே கிடந்தது. முதல் மணியை விட்டது, இரண்டாவதையும் விட்டது, மூன்றாவதுக்காகக் காத்திருந்தது. நீ போய் மூன்று வருடம் ஆகிறது. என் கை இன்னும் உன் கடையில்தான் வேலை பார்க்கிறது. இது மருத்துவரிடம் சொல்லக்கூடிய விஷயமாகத் தெரியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், எஸ்.டி.டி. பூத் என்றால் ஏதோ வியாதியின் பெயர் என்று நினைக்கிறார்கள். மெயின் ரோட்டில் கீழே உன் பூத், மேலே என் கிளை நூலகம். உன் கடையில் வரிசை நிற்கும். என் நூலகத்தில் மின்விசிறி நிற்கும். தொண்ணூற்றாறு வாக்கில் நான் மாற்றலாகி வந்து இறங்கிய அன்று, படிக்கட்டு எங்கே என்று உன்னைத்தான் கேட்டேன். என்னை வாசகன் என்று நினைத்துவிட்டாய்.

“மேல போங்க. புஸ்தகம் இருக்கு, பெஞ்சு இருக்கு, காத்து வரும். ஆளு மட்டும் இல்ல. புது ஆளு போட்ருக்காகளாம், இன்னும் வந்து சேரல. எந்த ஊரு ரோதனையோ.”

அந்த ரோதனை நான்தான் என்று சொன்னேன். நீ கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. “அப்பச் சரி, டீ குடிச்சிட்டுப் போங்க” என்றாய். ஒரு வாரத்தில் நான் உனக்கு மாப்ளை, நீ எனக்கு மாப்ளை. எந்தக் கல்யாணத்தின் வழியாக நாம் இருவரும் மாப்ளைகள் ஆனோம் என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் கேட்பதும் இல்லை.

உன் வாயில் அந்த ஒரு சொல் படாத பாடு பட்டது. கரண்ட் போனால் ரோதனை, வந்தால் ரோதனை. மழை பெய்தால், பெய்யாவிட்டால், உன் மனைவி மதியச் சோற்றை நேரத்துக்கு அனுப்பினால், “ஒரு மனுசன வேல பாக்க விடுறாளா, ரோதனை” என்று சொல்லிக்கொண்டே டிபன் கேரியரைத் திறப்பாய். எனக்குப் பொழுது நிறைய இருந்தது. அரசாங்கம் அதற்குத்தான் சம்பளம் கொடுத்தது. ஒரு நாள் அகராதியை எடுத்துப் பார்த்தேன். உரோதனம் என்றால் அழுகை என்று போட்டிருந்தது. இறங்கி வந்து உன்னிடம் தெரிவித்தேன்.

“அழுகையா? எவன் சொன்னது?”

“அகராதி.”

“அகராதி எழுதுனவுக கம்பத்துக்கு வந்திருக்காகளா?”

“தெரியலப்பா.”

“வராம எப்படி எழுதுனாக? இங்க எவன் அழுகுறான்? அவனவன் மத்தவன அழுக வைக்கிறான்.”

பிறகு, யாருக்கோ திருச்சூர் எண்ணை அழுத்திக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினாய். “தெரியாதவன் பண்ணா அது தகராறு மாப்ள. கவருமெண்டு பண்ணா தொல்ல. வயிறு பண்ணா எரிச்சலு. இந்த எளவட்டப் பயலுகளுக்குப் பல்லு வெளக்குறதே கடுப்பு. ரோதனைங்கிறது வேற. அது வீட்டாளுக பண்றது. வேத்தாளு வந்து நம்மள ரோதனை பண்ண முடியுமா? பண்ணத்தான் விட்ருவமா?”

நான் படித்த அகராதிகளில் இவ்வளவு தெளிவான பதிவு எதிலும் இல்லை. உன் பூத்தே அதற்குச் சான்று. கண்ணாடிக் கூண்டு என்றுதான் பெயர், கதவுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. உள்ளே பேசுவது வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். அதனால் உள்ளே போகிற எந்த ஆம்பளையும் மனசில் உள்ளதைச் சொன்னதில்லை. திருப்பூரில் இருக்கும் பெண்டாட்டியின் நினைப்பில் கூண்டுக்குள் நுழைந்தவன் அவளைத் திட்டிவிட்டு வெளியே வருவான். ராயப்பன்பட்டியில் இருந்து ஒரு அம்மா வரும். மகள் எங்கோ வடக்கே கன்னியர் மடத்தில் சேர்ந்திருந்தாள். “ஏத்தா, சாப்பிட்டியா? என்னா சாப்பிட்ட? ரொட்டியா? அதயேவா? சரி, சும்மா நெனச்சு நெனச்சு ரோதனை பண்ணாத” என்று அந்த அம்மா சொல்லும். அந்தப் பக்கம் மகள் எதுவுமே பேசியிருக்க மாட்டாள் என்பது வரிசைக்கே தெரியும். அனுமந்தன்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், பழம் வெட்டுகிற சமயத்தில் மேகம் திரண்டால் கோட்டயத்து வியாபாரிக்குப் போன் போட்டு, “வானம் ரோதனை பண்ணுது, லாரிய அனுப்புங்க” என்பார். அவரை மட்டும் நீ திருத்த முயன்றாய். வானம் எப்படி வீட்டாளாகும் என்று கேட்டாய். “எந்தலைக்கு மேலதான குடியிருக்கு” என்றார் அவர். நீ யோசித்துவிட்டு, செல்லும் என்று தீர்ப்புச் சொன்னாய்.

இரண்டு ரிங் பழக்கத்தை எழுதாமல் மேலே போக முடியாது. வெளியூர் போகிற பிள்ளைகள் போய்ச் சேர்ந்ததும் உன் மேசை மேல் இருந்த சிவப்புப் போனுக்கு அடிப்பார்கள். இரண்டு ரிங் போனதும் வைத்துவிடுவார்கள். சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். மூன்றாவது ரிங் வந்தால் ஏதோ பேச வேண்டியிருக்கிறது, எடுத்து ஆளைக் கூப்பிட வேண்டும். “ரெண்டு அடிச்சா சேதி, மூணு அடிச்சா பேச்சு” என்பாய். சேதியால் உனக்கு ஒரு வருமானமும் இல்லை. ஓசிக்கு மணி அடிக்கிற ரோதனைகள் என்று ஊரையே வைவாய். ஆனால் ஆறு மணி சுமாருக்கு எந்த வீட்டு மணி, எட்டு மணிக்கு எந்த வீட்டு மணி என்று உனக்கு மனப்பாடம். அடித்து நின்றதும் ரோட்டில் போகிற எவனையாவது பிடிப்பாய். “ஏலே, வடக்குத் தெரு ஆத்தாகிட்டச் சொல்லிட்டுப் போ, மகன் எறங்கிட்டானாம்.” ஒரு தடவை ஒரே சேதிக்கு இரண்டு வீடு நிம்மதி அடைந்துவிட்டது. அதில் ஒரு வீட்டுப் பையன் திண்டுக்கல்லில் டீ குடிக்க இறங்கிப் பஸ்ஸை விட்டிருந்தான். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டார் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆக, முதல் இரண்டு மணிக்கு அந்தப் போனைத் தொடக் கூடாது என்பது உன் கடையின் சட்டம். தொட்டால் பாவம், அடித்தவனுக்கு மீட்டர் ஓடிவிடும். உன் கடையில் உட்கார்ந்தே பழகியதில் எனக்கும் அது உடம்பில் ஊறிவிட்டது. அந்தச் சட்டத்தைப் பால்குடி மறந்த நாள் முதல் பார்த்து வளர்ந்தவன் உன் மகன்.

அவனைப் பற்றி உன்னிடம் நான் நேரில் பேசியது குறைவு. ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்து உன் மேசையில்தான் வீட்டுப்பாடம் எழுதுவான். மேலே வந்து என் நூலகத்தின் ஒரே உண்மையான வாசகனாக இருந்தான். அவனைக் கணக்கில் காட்டித்தான் நான் புதுப் புத்தகம் வாங்கினேன். பிறகு சவூதிக்குப் போனான். நீ போகச் சொல்லவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “ரோதனை விட்டுச்சு” என்றாய். ஜும்ஆ தொழுது முடித்து நீ கடைக்கு வந்து உட்காருகிற நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமைதோறும் அவன் கார்டு போட்டுப் பேசுவான். உன் மனைவி அன்றைக்கு மட்டும் கடைக்கு வரும். தாயும் மகனும் பேசுவார்கள். கடைசி அரை நிமிடம் உனக்கு. நீ, “சரி சரி, வையி, கடையில ஆளு நிக்கிது” என்பாய். கடையில் நான் மட்டும்தான் நிற்பேன்.

உன் மனைவி மௌத்தானது ஒரு காலைப்பொழுதில். பிற்பகல் அசர் தொழுகைக்கு முன்பே அடக்கம் செய்துவிட்டோம். உங்கள் வழக்கத்தில் பிள்ளை வரட்டும் என்று காத்திருப்பது இல்லை. விமானத்தை நேராகக் கம்பம் மெயின் ரோட்டிலேயே இறக்கியிருந்தால்கூட அவன் அதற்குள் வந்து சேர்ந்திருக்க முடியாது. இது உனக்கும் தெரியும். அவன் அன்று இரவு பேசினான். பாஸ்போர்ட் முதலாளி கையில் இருக்கிறது, கேட்டுப் பார்த்தேன், கொடுக்க மாட்டேன் என்கிறார் என்று அழுதான். நான் பக்கத்தில் இருந்தேன். ரிசீவரில் இருந்து அழுகை எனக்கே கேட்டது. நீ கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாய்.

“பெத்தவ மண்ணுக்கு வராதவன் எங்கிட்டப் பேச வேணாம்.”

வைத்துவிட்டாய்.

சொன்னது நீ அல்ல, அன்றைய வெறும் வீடு பேசியது என்று எனக்குத் தோன்றியது. நாலு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். வந்த வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு வழக்கமான வார விடுமுறை, நான் உன் கடையில் இருந்தேன். ஜும்ஆ முடிந்து நீ வந்து உட்கார்ந்தாய். சிவப்புப் போன் அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றது.

நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்துக்கு வேறு எந்த வீட்டு மணியும் கிடையாது. பேச வேணாம் என்றுதானே சொன்னாய். அவன் பேசவில்லை. மணி அடிக்க வேணாம் என்று நீ சொல்லவில்லை. உன் கடைச் சட்டத்தை உன்னைவிட நன்றாகப் படித்திருந்தான்.

“ரோதனை” என்றாய். அந்தச் சொல்லை அப்படி ஒரு மெல்லிய குரலில் நீ சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் வெள்ளிக்கிழமைகள் அப்படித்தான் போயின. ஊரில் செல்போன் வந்தது. முதலில் ஏலக்காய் வியாபாரிகள் வாங்கினார்கள், பிறகு தோட்டக்காரர்கள், பிறகு எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர்கள். உன் வரிசை கரைந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் நீ குடையும் சாக்கும் போட்டு வைத்தாய். உத்தமபாளையத்தில் இருந்து வந்த உன் தம்பி, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்புக் கடை வைக்கலாம் என்றார். “குடுத்தா திரும்பக் கெடைக்காது” என்றாய் நீ. அப்போது லைன் கேட்டு யாரும் வரிசையில் நிற்கவில்லை, எக்ஸ்சேஞ்சிலேயே ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று உன் தம்பிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் நீ சொல்வது சரிதான் என்றோம்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பொறுக்க முடியாமல் முதல் மணிக்கே கையை நீட்டினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். வளையல் கடைக்காரன் பிடிப்பதுபோல அல்ல, திருடனைப் பிடிப்பதுபோல.

“விடுறா. நான் பேசுறேன். எனக்கு ஒண்ணும் தடை இல்லையில்ல?”

“ரெண்டு ரிங்குக்குள்ள எடுத்தா அவனுக்குக் காசு போகும்.”

“மூணு வருசமா காசுக்காகத்தான் எடுக்காம இருக்கியா?”

மணி நின்றுவிட்டது. நீ கையை விட்டாய். குமுளி போகிற ஜீப்புகள் போய்க்கொண்டிருந்தன.

“பேசணும்னு இருந்தா மூணாவது ரிங்கு விடட்டும். விட்டா எடுக்குறேன். நான் எடுக்க மாட்டேன்னு எவன் சொன்னது?”

“அத அவங்கிட்டச் சொன்னியா?”

“பேசுனாத்தான சொல்ல முடியும்?”

நூலகத்தில் நாலாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள் இருந்தன. எதிலும் இதற்குப் பதில் இருந்திருக்காது.

இன்னொரு வெள்ளிக்கிழமை மணி அடிக்கவே இல்லை. மூன்று மணி ஆயிற்று, நாலு ஆயிற்று. நீ ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாய், டயல் டோன் இருந்தது. வைத்தாய். மறுபடி எடுத்தாய். ஒயரை ஆட்டினாய். ரீசார்ஜ் கார்டு கேட்டு வந்த ஒரு பையனை, சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடவில்லை என்று வைதாய். எதிர்க்கடைக்காரர் பேப்பர் கேட்டார், இல்லை என்றாய், கையிலேயே வைத்துக்கொண்டு. மறுபடி ரிசீவரை எடுத்தாய்.

“நீ எடுத்து எடுத்துப் பாத்தா அவன் எப்படிடா அடிப்பான்?” என்றேன்.

“எவன் அடிக்கிறான்? நான் லைன் இருக்கான்னு பாக்குறேன்.”

“லைன் இருக்கு.”

“கவருமெண்டு லைன நம்பச் சொல்றியா? நீயும் கவருமெண்டு ஆளுதான.”

அசர் தொழுகைக்குக்கூடப் போகவில்லை. இருட்டுகிற நேரத்தில் அடித்தது. ஒன்று. இரண்டு. நீ நாற்காலியில் சாய்ந்தாய். முகம் வியர்த்திருந்தது. “சனியன் பிடிச்ச ரோதனை, ஒரு நேரங்காலம் கெடையாது” என்று சத்தமாக வைதுவிட்டு, எதிர்க்கடைக்காரருக்கும் பொத்தான் போடாத பையனுக்கும் சேர்த்து டீ சொன்னாய். அந்தப் பையன் இன்றும் என்னைப் பார்த்தால் பொத்தானைத் தடவிப் பார்க்கிறான்.

நீ போனதைப் பற்றி உனக்கே எழுதுவதில் பயன் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை நெஞ்சைப் பிடித்தாய், ஆஸ்பத்திரி வாசலில் முடிந்தது, மாலையில் உன் மனைவி இருக்கிற இடத்துக்கே கொண்டுபோய் வைத்தோம். மண் தள்ளிவிட்டு வருகிற வழியில் உன் தம்பி என் தோளைப் பிடித்தார்.

“அண்ணே, பயலுக்கு எப்படிச் சொல்றது? நம்பரு இருக்கா?”

இல்லை. பழைய கம்பெனிக்கு நாங்கள் போன் போட்டுப் பார்த்தோம். அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை, விட்டுவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது என்று ஒரு மலையாளி சொன்னார். அவன் வேலை மாறியது உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றால் பேசியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பையன்கள் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டோம். அவர்கள் இருப்பது வேறு ஊர்கள், நடுவில் பாலைவனம். சவூதியில் இருக்கிறான் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம், வாரா வாரம் அடித்த அந்த இரண்டு மணிதான்.

“வெள்ளிக்கெழம அடிப்பான்” என்றேன்.

“அப்ப நீங்கதான் எடுக்கணும்ணே. உங்க கொரலு அவனுக்குத் தெரியும். எனக்குத் தாங்காது” என்றார் உன் தம்பி.

வெள்ளிக்கிழமை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் தம்பி வெளியே, படிக்கட்டில். நான் வாழ்க்கையில் சொல் தட்டுப்பாட்டில் நின்றது அன்றைக்குத்தான். என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாகத் தயார் செய்திருந்தேன். அச்சில் போடலாம், அவ்வளவு நன்றாக இருந்தது. பள்ளிவாசலில் இருந்து ஆட்கள் கலைந்து வந்தார்கள். சிலர் ஷட்டர் திறந்திருப்பதைப் பார்த்து நின்று, உள்ளே நான் இருப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மணி அடித்தது.

கை எழவில்லை, மாப்ள. உன் கடைச் சட்டம். முதல் மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. எடு, எடு என்று எனக்கு நானே சொன்னேன். இரண்டாவது மணி தொடங்கிய பிறகுதான் இடது கையால் வலது கையைத் தூக்குவதுபோல எடுத்தேன்.

தூரத்து இரைச்சல். மூச்சு விடுகிற சத்தம். ‘ஹலோ’ என்ற சொல்லைக்கூட நான் மறந்துவிட்டேன்.

“அத்தா?”

ரிசீவரைக் காதோடு அழுத்தினேன்.

“அத்தா... எடுத்துட்டீகளா?”

அவன் குரலில் இருந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை.

“மாமாடா. மேல லைப்ரரி மாமா” என்றேன்.

“மாமா! நல்லாருக்கீகளா? அத்தா சொல்லித்தான எடுத்தீக? பக்கத்துல இருக்காகளா?”

சொன்னேன். தயார் செய்ததில் ஒரு வரியும் வாயில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை, நெஞ்சுவலி, அடக்கம் ஆயிற்று. ஏலம் விடுகிறவன் சொல்வதுபோல அத்தனையும் நாலு சொல்லில் முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் யாரோ அரபியில் பேசிக்கொண்டு போனார்கள். கார்டு தீர்ந்து லைன் போய்விடுமோ என்று நான் பயந்தேன். போகாதா என்றும் இருந்தது.

லைன் போகவில்லை. அவன் பேசினான்.

“ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் எடுப்பாகன்னுதான் மாமா அடிச்சேன். ரெண்டு ரிங்குல எடுத்துட்டா பேசலாம்னு சொல்றாகன்னு அர்த்தம். எடுக்கல. மூணாவது விட்டா, பேச வேணாம்னு சொல்லியும் பேச வர்றான்னு நெனச்சிருவாகல்ல? அதான் வச்சிருவேன்.”

நான் உன் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“என்னையப் பத்தி எதுவும் சொல்லுவாகளா மாமா?”

“சொல்லுவாக. ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் சொல்லுவாக.”

“என்னா சொல்லுவாக?”

என்னிடம் அப்போது உன் வாக்கியங்கள் இரண்டு இருந்தன. இரண்டும் உண்மை. இரண்டையும் நீ அவனிடம் சொல்லச் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒன்றைக் கொடுத்தேன்.

“நீ மணி அடிச்சு வச்சதும், ரோதனைன்னு சொல்லுவாக.”

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

“ரோதனைன்னா சொன்னாக?”

“ஆமாடா. வாரா வாரம்.”

“அப்பச் சரி மாமா” என்றான். “அப்பச் சரி.”

லைன் போய்விட்டது. கார்டு தீர்ந்ததா, அவன் வைத்தானா என்று தெரியவில்லை.

மூன்றாவது ரிங் விட்டால் எடுக்கிறேன் என்று நீ சொன்னதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் மிச்ச ஆயுளுக்கும் அந்த ஒரு மணியை எண்ணிக்கொண்டு இருந்திருப்பான். அது என்னிடமே இருக்கிறது. மேலே நூலகத்தில் வைக்க முடியாது, யாருக்கும் இரவல் கொடுக்க முடியாது. இனி செல்போன் அடித்தால் மூன்றாவது மணி வரை எடுக்காமல் இருப்பதற்காக ஊரில் எல்லாரும் என்னை ஒரு சொல்லால் வைவார்கள். உன் இலக்கணப்படி அவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைச் சொல்லக் கூடாது, வேத்தாட்கள். நீ இருந்தால் சொல்லலாம்.

அன்று லைன் போனதும் உன் தம்பி படிக்கட்டில் இருந்து எழுந்து வந்து, என்னா சொன்னான் என்று கேட்டார். அப்பச் சரி என்று சொன்னான் என்றேன். இருவரும் சேர்ந்து ஷட்டரை இறக்கினோம். எதற்கும் இருக்கட்டும் என்று, அடுத்த வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிகிற நேரத்துக்கு நான் போய்க் கடையைத் திறந்து உட்கார்ந்தேன்.

மணி அடிக்கவில்லை.